வீட்டுக்கொரு பெட்டி

நாங்கள் குடியேறிய நகரின் வெக்ஸ்போர்ட் மண்டபம், காலை 10.20. காட்டுத்தீ நெருங்கக்கூடிய, சாலையே இல்லாத, நாட்டின் வடக்கிலுள்ள பழங்குடிக் கிராமமொன்றுக்கு அவசரகாலப் பெட்டிகள் இன்று மதியம் விமானமேற வேண்டும். மளிகைக் கடைக்காரர் சிவம் அண்ணை டோர்ச்சுகளை ஒரு பெட்டியிலும் பற்றரிகளை இன்னொன்றிலும் அடுக்கி ஒட்டிவிட்டார். அக்கிராமத்திலிருந்து வந்திருக்கும் ரோசா அவற்றைத் திறந்து பார்க்கிறார்.

"புகை வந்தால் எந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்.

சிவம் அண்ணை, கூட அடுக்க வந்த என் பக்கம் திரும்புகிறார். "நாங்களே சண்டைக்குள்ளால ஓடி வந்த சனம். இருந்தும் கடைக்கு அடுக்கிற மாதிரி அடுக்கிப்போட்டன், பாருங்கோ!"

எல்லாவற்றையும் பிரித்து, வீட்டுக்கொரு பெட்டியாக அடுக்குகிறோம். முதல் பெட்டியுடன் ரோசா வாசல்வரை ஓடிப் பார்க்கிறார். பாரம் அதிகம் என்கிறார். சிவம் அண்ணை இரண்டு தகர மீன் ரின்களை வெளியே எடுக்கிறார். ரோசா மறுபடி ஓடுகிறார். இம்முறை வாசலைத் தாண்டி, தெருவரைக்கும்.