துண்டில் எழுத முடியாத மருந்து

என் மனைவி மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது, மூன்று நாள்கள் நான் ஆஸ்பத்திரி வார்ட் வாசலில் வாய் திறக்காமல் நின்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கோப்பாயில் தோட்டம் கொத்துகிறவன். டொக்டரைக் கண்டால் ஒதுங்கிவிடுவேன். வயல் தண்ணீரில் பெருகும் நுளம்பு கடித்து வந்த நோய் என்றார்கள். வலிப்பு வந்து, நினைவு தப்பிக் கிடந்தாள். சேலைன் ஏற்றியும் ஈரத்துணி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் என் அண்ணை வந்து ஏசினார்.

"தடையாலை மருந்து இஞ்சை வராது. டொக்டரிட்டைத் துண்டு எழுதி வாங்கு. பக்கத்து வீட்டு மாஸ்டர் நாளைக்குக் கொழும்புக்குப் போறார். நீ வாய் திறக்கிறதுக்கிடையிலை அவள் போய்ச் சேர்ந்திடுவாள்."

யுத்தத்தில் அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் அதுதான் வழக்கம். மருந்தின் பெயரைத் துண்டுத் தாளில் எழுதி வாங்கி, கொழும்புக்குப் போகிறவரிடம் கொடுத்துவிடுவோம்.

டொக்டரிடம் பள்ளிக் கொப்பியில் கிழித்த தாள் ஒன்றை நீட்டினேன். இளம் ஆள். தாளைத் திருப்பித் தந்தார்.

"இந்தக் கிருமிக்கு எழுத மருந்தில்லை, ஐயா."

"எங்களைப்போல ஆக்களுக்கெண்டால் பேனை ஓடாதோ? சும்மா எழுதித் தாரும்."

பக்கத்துக் கட்டில்காரி, "உந்த மனுசன் ஊமையெண்டெல்லோ நினைச்சன்" என்றாள்.

டொக்டர் கோபிக்கவில்லை. "தடையாலை வராத மருந்தெண்டால் எழுதித் தந்திருப்பன். இந்தக் கிருமி எங்கடை உடம்பின்ரை உயிர்க்கலத்துக்குள்ளை பூந்து, அதைக்கொண்டே பெருகுது. கலத்தைக் கெடுக்காமல் கிருமியை மட்டும் மறிக்கவேணும். அந்த மருந்து மூளைக்குள்ளையும் போகவேணும். அப்பிடி ஒண்டு கொழும்பிலையும் இல்லை, லண்டனிலையும் இல்லை. ஒருத்தரும் இன்னும் கண்டுபிடிக்கேல்லை."

பிறகு அதே தாளில், வார்ட்டில் கையிருப்பு முடியப்போகிறது என்று வலிப்பு மருந்தின் பெயரை மட்டும் எழுதித் தந்தார். அதைக் கொண்டுபோய் மாஸ்டரிடம் கொடுத்தேன். தடை போட்டவனை ஏசலாம். ஒருவரும் செய்யாத மருந்துக்கு யாரை ஏசுவது? வயலிலும் தோட்டத்திலும் குனிந்து நிற்கிறவர்களை நுளம்பு கடித்தால், யாருக்கு அவசரம்?

மாஸ்டர் மருந்தோடு திரும்பி வரும்போது காய்ச்சல் விட்டிருந்தது. அவள் பிழைத்தாள். ஆனால் வலக்கை மடங்கிவிட்டது. இரண்டு மூன்று சொற்கள்தான் பேசுவாள். நான்தான் சோறு குழைத்து ஊட்டுகிறேன். பார்க்க வருகிறவர்கள், "தடை இல்லாட்டி மருந்து வந்து சுகப்பட்டிருப்பாள்" என்று ஆறுதல் சொல்வார்கள். முன்பு தலையாட்டியிருப்பேன். இப்போது, "அப்பிடி ஒரு மருந்தை ஒருத்தரும் செய்யேல்லை" என்று சத்தமாகவே சொல்கிறேன். தடை போட்டவனுக்கு நான் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்து, தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போகிறார்கள். போகட்டும்.