இருமாத பிள்ளை

ஆஸ்பத்திரி வாசலிலேயே இருமுகிற பிள்ளைகளைப் பிரித்துத் தனிக் கொட்டகைக்கு அனுப்புவது நர்சான என் வேலை. கக்குவான் இருமல் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

இராஜாக்கமங்கலத்திலிருந்து ஒருத்தி தூங்குகிற மகனோடு வந்தாள்.

"பிள்ளைக்கு இருமல் உண்டா?"

"இல்லம்மா, காய்ச்சல்தான்."

தொட்டுப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. உலுக்கியும் விழிக்கவில்லை.

"ஏட்டி, என்ன குடுத்த?"

"இருமல் அடங்கட்டும்னு கொஞ்சம் அபின். இருமினா உள்ள விடமாட்டியன்னு சொன்னாவ."

டாக்டர் ஓடி வருவதற்குள் அவனைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினேன். இருமலைத் தடுக்க நின்ற நானே, "இருமு மக்கா, இருமு" என்று கதறினேன். கடைசியில் இருமினான், பிழைத்தான்.

மறுநாள் வாசலில் நான் கேள்வி கேட்கவில்லை. "இருமுற பிள்ளையளத்தான் டாக்டர் முதல்ல பாப்பாரு" என்றேன்.

வரிசையில் பாதிப்பேர் முன்னால் வந்தார்கள்.