மனைவிக்கு மட்டும் கிடைத்த வேலை

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். தொடர்ந்து இரண்டு வருடம் மழை பொய்த்ததில், கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் ஊர்க் கிணறுகள் வறண்டுவிட்டன. நான் மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துப் பிழைத்தவன். கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது கவலைக்காரனுக்கு என்ன வேலை? மலைமேல் காப்பித் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு கார்த்திகை மாதத்தில் மனைவியையும் கூட்டிக்கொண்டு மலையேறினேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம்.

அரியூர் நாட்டுப் பக்கம் இருந்தது அந்தத் தோட்டம். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மனைவியின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.

“ஆம்பளைக்கு இப்ப வேல இல்லப்பா. குழி வெட்டறது மழை வந்தப்பறந்தான். பழம் பறிக்கப் பொம்பளைங்க போதும்.”

எனக்குச் சுருக்கென்றது. பெண்டாட்டி சம்பாதிக்க நான் குந்தித் தின்பதா? பழம் பறிப்பது என்ன பெரிய வித்தையா என்று மேஸ்திரியிடம் மல்லுக்கட்டி, மறுநாள் நானும் ஒரு கூடை வாங்கிவிட்டேன்.

பழம் பறிக்கிற அத்தனை பேரையும் மிஞ்சிக் காட்டவேண்டும் எனக்கு. கம்பங்கதிரை உருவுவதுபோலக் கிளையைப் பிடித்து ஒரே இழுப்பாக உருவினேன். உச்சிப் பொழுதுக்குள் கூடை நிரம்பியது. திரும்பிப் பார்த்தால் மனைவியின் கூடை பாதிதான் இருந்தது. எனக்கு ஒரே கர்வம்.

மேஸ்திரி வந்து என் கூடைக்குள் கையை விட்டார். பழத்தைவிடப் பச்சைக்காயும் இலையும்தான் அதிகம். செடியைப் பார்த்தார். அடுத்த வருடம் பூக்கவேண்டிய கணுக்களும் பிய்ந்து போயிருந்தன. முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

“ரெண்டு பேரும் எறங்குங்க கீழ” என்றார்.

கீழே போனால் கஞ்சிக்கும் வழியில்லை. அவள் கூடையில் ஒரு பச்சைக்காய்கூடக் கிடையாது. பருத்தியைத் தூசி தும்பு இல்லாமல் எடுத்துப் பழகிய விரல்கள் அவை. என் வீம்பால் அவள் பிழைப்பும் சேர்ந்து போகிறது. அவளோ கூடையைப் பிடித்தபடி நின்றாள். சுற்றிலும் மலைக்காரப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

நான் கூடையைக் கீழே வைத்தேன். “தப்பு என்னுதுங்க சாமி. அவள அனுப்பீராதீங்க. நான் இந்தப் பக்கமே வர மாட்டனுங்க, ஊட்ல இருந்து சோறாக்கறனுங்க.”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேஸ்திரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளை இருக்கச் சொல்லிவிட்டார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, போன உயிர் திரும்பி வந்ததுபோலவும் இருந்தது.

பழம் பறித்து முடியும்வரை மூன்று மாதம் அவள் தோட்டத்துக்குப் போனாள். நான் எங்களுக்குத் தங்கக் கொடுத்த குடிசையில் சாமை குத்தினேன், சுனையில் தண்ணீர் எடுத்தேன், சோறாக்கினேன். முதல் நாள் சோறு குழைந்து களியாகவும் இல்லை, கஞ்சியாகவும் இல்லை. அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, “ஏனுங்க, நாளைக்குக் கூழே காச்சீருங்க” என்றாள். இருவரும் சிரித்துத் தீர்த்தோம். வயிறும் மனசும் அவ்வளவு நிறைவாக இருந்த காலம் அதற்கு முன் எங்களுக்கு வாய்க்கவில்லை.

ஆனால் பகலில் தனியாக இருக்கும்போது ஒன்று உறைத்தது. கை கால் நன்றாக இருந்தும் ‘உனக்கு வேலை இல்லை’ என்று சொல்லிவிட்டால் பொழுதை ஓட்டுவது எவ்வளவு கஷ்டம்! ஊரில் பருத்தி முடிந்தால் அவளுக்கு வருடா வருடம் இதே கதைதான். வேலை கேட்டுப் போய் வெறுங்கையோடு வந்து நிற்பாள். ‘பொம்பளைக்கு இப்ப என்ன வேலை’ என்று நானும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவேன்.

மழை பெய்தது, ஊர் திரும்பினோம். அதன்பிறகு எந்தத் தோட்டத்தில் என்னை வேலைக்குக் கூப்பிட்டாலும், “அவளுக்கும் வேல உண்டுங்களா?” என்று கேட்காமல் நான் ஒப்புக்கொண்டதில்லை, அந்தக் கேள்வியைக் கல்யாணமான அன்றிலிருந்தே கேட்டிருக்கலாமே என்ற நினைப்பு மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.