காப்புக் கட்டிய கை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு இருபது. மொட்டை மாடியில் காய்ந்த கூழ்வற்றலைச் சேலையிலிருந்து உரித்துக்கொண்டிருந்தேன். கம்பம் போகும் பஸ் ஹாரன் அடித்தபடி ஊரைத் தாண்டியது. அது எப்போதும் நாலு இருபதுக்குத்தான் தாண்டும், அதனால் நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஹாரன் அடங்கியதும் கீழே என் மகன் கத்தினான். "அம்மா" என்றுகூட வரவில்லை. மாடு அடிபட்டால் வரும் சத்தம் அது.

இறங்கி ஓடினேன். அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவே, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தான். இருபத்துநாலு வயதுப் பிள்ளை. மஞ்சள் வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, உடம்பெல்லாம் மஞ்சள் பூச்சு. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றில் கட்டிய விரலிமஞ்சள் துண்டு. வீரபாண்டி ஆத்தாவுக்கு அக்கினிச் சட்டி எடுப்பதாக நேர்ந்து, அந்தச் செவ்வாய்க்கிழமைதான் காப்புக் கட்டியிருந்தான். அடுத்த செவ்வாய் சட்டி எடுக்க வேண்டும்.

அவன் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தான். காய் வாங்க மலைக்குப் போவான். எங்கள் பக்கம் அப்போது மதுவிலக்கு. மலையேறிக் கேரளத்துக் குமுளியைத் தொட்டுவிட்டால் சாராயக் கடை. மலைக்குப் போனவன் ஒரு நாள் தாமதமாக வருவது வழக்கமாகி, பிறகு இரண்டு நாளாகி, பிறகு கடை முதலாளி ஆள் அனுப்பித் தேடும்படி ஆயிற்று. நான் திட்டினேன், அழுதேன், பேசாமல் இருந்தேன். ஒன்றுக்கும் அசையாதவன், ஒருநாள் தானாகவே வந்து, "ஆத்தாவுக்குச் சட்டி எடுக்கப் போறேம்மா. இனிமே தொட மாட்டேன்" என்றான். எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் ஊர்க் குடிகாரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காப்புக் கட்டினால் தொடக்கூடாது என்பதால், கட்டுவதற்கு முந்தின நாள் இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது என்பதுபோல் குடித்துத் தீர்ப்பார்கள். அதைத் தப்பென்று யாரும் சொல்வதில்லை. "கடைசியா ஒருக்கா" என்று சிரித்துக்கொண்டே அனுப்பி வைப்பார்கள். என் மகனும் ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் குமுளியில் கிடந்து, செவ்வாய் விடியற்காலை வந்து, ஆற்றில் முழுகிவிட்டு நேராகக் கோயிலுக்குப் போய்க் கையை நீட்டியிருக்கிறான்.

புதன்கிழமை அவன் கை நடுங்கியது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மதினி அதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தீகளா மதினி, ஆத்தா எறங்கிட்டா. சட்டி எடுக்குறதுக்கு முன்னாடியே அருள் வந்துருச்சு. குடுத்து வச்சவுக நீங்க."

பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்துகிற நானும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினேன். திடீரென்று குடியை நிறுத்தினால் கை நடுங்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் சுருண்டு கிடந்தபோதும் மதினிதான் முதலில் வந்தாள்.

"கறி மீனுன்னு தின்னு வளந்த வயிறு. இப்பப் பச்சரிசிக் கஞ்சிய ஊத்துனா அது கோவிச்சுக்கிராதா? ஓமத்தக் கசக்கிக் குடுங்க மதினி."

ஓமம் கொடுத்தேன். வாந்தி எடுத்தான். வெந்நீர் கொடுத்தேன். அதுவும் நிற்கவில்லை. மேல் வயிற்றில் தொடங்கிய வலி முதுகுக்குள் குத்தூசி போலப் போகிறதாம். படுத்தால் கூடுகிறது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்குகிறது. அப்படியே தலையணையைக் கட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை காலையில் தேனிக்குக் கூட்டிப் போனோம். போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்பதால் என் வீட்டுக்காரர் சம்மதித்தார். திருவிழாவுக்குச் சாட்டுப் போட்ட, அதாவது தமுக்கடித்து நாள் அறிவித்த ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. திருவிழா முடியும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லைக்கு வெளியே இராத் தங்கக்கூடாது. காப்புக் கட்டியவன் தங்கவே கூடாது. தங்கினால் நேர்ச்சை முறிந்தது, வீட்டுக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாது.

டாக்டர் கடைவீதியில் தானிய மண்டி வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. மருத்துவம் படித்து சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர். வாய் கொஞ்சம் நீளம். என் மகனைப் பார்த்ததும் ஸ்டெதஸ்கோப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன டீச்சர் இது? மாப்பிள்ளைக்கு நலுங்கு வச்சுக் கூட்டிட்டு வந்தது மாதிரி கூட்டிட்டு வந்திருக்கீக? உடம்பு பூரா மஞ்சளப் பூசிட்டு வந்தா, காமாலை இருக்கா இல்லையான்னு நான் எதை வச்சுப் பாப்பேன்?"

இது காமாலையாக இருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் முதலில் தோன்றியது. அதுவரை வயிற்றுவலி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அவன் கண் இமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சள் தண்ணீரில் குளித்துக் குளித்துக் கண்ணும் சிவந்து கலங்கியிருந்தது. வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"எவ்வளவு குடிப்ப?"

அவன் அப்பாவைப் பார்த்தான்.

"அப்பாட்ட கேக்கல, ஒன்ட்ட கேக்குறேன்."

"இப்பக் குடிக்கிறதில்ல டாக்டர். காப்புக் கட்டிருக்கேன்."

"கட்டுறதுக்கு முன்னாடி?"

அவன் சொன்ன அளவைக் கேட்டு என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். நான் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்லீரல் வீங்கிக் கையில் தட்டுப்படுகிறது என்றார் டாக்டர். வலி அதனாலா, உள்ளே வேறு எதுவும் கெட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தத்தை எடுத்து மதுரைக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும், முடிவு திங்கட்கிழமை வந்துவிடும். "நியாயமாப் பாத்தா இவனையே இன்னைக்கி மதுரையில கொண்டுபோய்ப் படுக்க வைக்கணும்" என்றார். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் அங்கிருந்தே, "சாட்டுப் போட்டிருக்கு டாக்டர். செவ்வாய் கழியட்டும்" என்றார். அதையே மகனும் சொன்னான். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். அப்பாவும் மகனும் வெளியே நடந்தார்கள், நானும் பின்னால் நடந்தேன். மருந்துச் சீட்டு என் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே வேலைதான். அவன் மஞ்சளாக இருக்கிறானா என்று பார்ப்பது. வேட்டி மஞ்சள், துண்டு மஞ்சள், பாய் மஞ்சள், அவன் சாய்ந்திருந்த சுவரில்கூட முதுகு பட்ட இடமெல்லாம் மஞ்சள். நகத்தைப் பார்த்தேன். நகக்கண்ணில் பூச்சு ஏறியிருந்தது. உள்ளங்கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். "ஏம்மா சும்மா சும்மா கையப் பிடிச்சு இழுக்குற" என்றான். கொல்லையில் வெயிலில் நிறுத்தி, வானத்தைப் பார்க்கச் சொல்லி, கண்ணின் வெள்ளையை உற்றுப் பார்த்தேன். ஒரு தடவை வெள்ளையாகத் தெரிந்தது. அடுத்த தடவை இல்லை. கண்ணாடியில் என் கண்ணையும் பார்த்தேன். அதுவும் மஞ்சளாகத்தான் தெரிந்தது.

பூச்சை நிறுத்து என்று சொன்னேன். விரதத்தில் இருப்பவனிடம் அப்படிச் சொல்லலாமா என்று என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். மதினி வேப்பிலைக் கொத்தை நிலையில் செருகிவிட்டுப் போனாள். தெருவில் மைக்செட்டில் அம்மன் பாட்டு ஓயவே இல்லை. மாடியில் வற்றல் அப்படியே கிடந்தது, காக்கை கொத்திக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் முட்டியது.

மத்தியானம் அவர் வெளியே போன நேரம், மகனிடம் உட்கார்ந்தேன்.

"அப்பா கெடக்காக. கயித்த அறுத்துப் போட்டுட்டு வா, ரெண்டு பேரும் மதுரைக்குப் போவோம். ஆத்தா கோவிச்சா என்மேல கோவிக்கட்டும்."

அவன் மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"ஆத்தாவுக்குப் பயந்துக்கிட்டு இருக்கேன்னு நெனைக்கிறியாம்மா? இது கையில இருக்கப் போயித்தான் குடிக்காம இருக்கேன். இத அறுத்த அடுத்த நிமிசம் நான் குமுளிக்குப் போயிருவேன். ஒனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்."

"வலி உசுரெடுக்குது, இப்பக்கூடவா அது நெனப்பு வருது?"

"இப்பத்தாம்மா ரொம்ப வருது."

கயிறு இருந்தால் ஆஸ்பத்திரி இல்லை. கயிறு இல்லாவிட்டால் குடி. இந்த இரண்டுக்கும் நடுவில் அவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் மூத்திரம் காபித் தண்ணீர் நிறத்தில் போவதை அன்று சாயங்காலம் பார்த்தேன். அதற்கு மஞ்சள் பூச முடியாது.

திங்கட்கிழமை முடிவு வாங்கத் தேனிக்குப் போகலாமென்று காலையிலேயே ரோட்டுக்கு வந்தேன். திருவிழாக் கூட்டம். கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் வரும் பஸ்களில் கூரைமேலெல்லாம் ஆட்கள். ஒன்றுகூட நிற்கவில்லை. கையைக் காட்டினேன், நடுரோட்டில் ஏறி நின்றேன். ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஆத்தா, வீரபாண்டிக்கு நடந்தே போயிருங்க, புண்ணியம்!" என்று கத்திவிட்டுப் போனார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். நடந்தே தேனிக்குப் போகலாம் என்று கொஞ்ச தூரம் போனேன். பிள்ளையைத் தனியாக விட்டு வந்த நினைப்பு வந்து திரும்பினேன். மறுபடியும் ரோட்டுக்குப் போனேன். மறுபடியும் திரும்பினேன். அந்த வெயிலில் என் வாழ்க்கையே அந்த ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் முடிந்துவிடும்போல் இருந்தது.

மத்தியானத்துக்குமேல் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. அடையாளம் தெரியாத அளவுக்குச் செம்மண். டாக்டர் இறங்கினார். வீரபாண்டியில் வண்டி நகரவில்லை என்று வயக்காட்டுப் பாதையில் சுற்றி வந்திருந்தார். நேராக உள்ளே போய், ஈரத்துணி கேட்டு வாங்கி, என் மகனின் முகத்திலும் கழுத்திலும் இருந்த மஞ்சளைத் தானே அழுத்தித் துடைத்தார். துணி மஞ்சளானது. முகம் மஞ்சளாகவே இருந்தது.

என் வீட்டுக்காரர் முன்னால் வந்து, "நாளைக்குச் சட்டி எடுக்கணும் டாக்டர். எல்லை தாண்டி இராத் தங்க முடியாது" என்றார். குரலில் பழைய உறுதி இல்லை.

"சட்டி தூக்க ஊர்ல ஆளு இருக்காக. செவ்வாய் வரைக்கும் இங்கனயே வச்சிருந்தா இவனைத் தூக்கத்தான் ஆளு தேடணும்" என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். "ரிசல்ட் வந்துருச்சு டீச்சர். கல்லீரல் நல்லா அடி வாங்கியிருக்கு. பக்கத்துல கணையமும் வீங்கியிருக்கும்னு சந்தேகப்படுறேன், அதான் முதுகு வரைக்கும் வலி. இன்னும் கைமீறல. இன்னைக்கே படுக்க வச்சா, இனி ஒரு சொட்டுத் தொடலேன்னா, பிழைச்சுக்குவான்."

என் மகன் எழுந்திருக்கவில்லை. வலது கையை டாக்டரிடம் நீட்டினான்.

"இத அறுக்கணுமா டாக்டர்?"

டாக்டர் அந்தக் கயிற்றைப் பார்த்தார். அதன் முடிச்சை விரலால் தொட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"ஏம்ல அறுக்கணும்? இத்தன நாளு ஒன்னக் குடிக்க விடாமப் பிடிச்சு வச்சது நானா, என் மாத்திரையா? அது பாட்டுக்குக் கெடக்கட்டும். ஊசிய மத்தக் கையில போடச் சொல்லிக்கிருவோம். எந்திரி."