பதினொரு லிங்க்கும் ஒரு டிஸ்யூ பாக்கெட்டும்

போன ஞாயிறு மதியம். தேக்கா உணவங்காடி நிலையம். ஒருத்தர் வந்து என் எதிரில் இருந்த டிஸ்யூ பாக்கெட்டை எடுத்து என்னிடமே நீட்டினார்.

“அக்கா, இங்க யாராச்சும் வராங்களா? அரை மணி நேரமா காலியாவே கெடக்கே.”

நாற்பது வயது இருக்கும். இன்னொரு கையில் பிரியாணித் தட்டு. வாரம் முழுக்க வெயிலில் வேலை, ஒரு நாள் லீவு, அதில் உட்கார்ந்து சாப்பிட ஒரு நாற்காலி. கேட்டதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. ஆனாலும் எரிந்து விழுந்தேன்.

“டிஸ்யூ இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம். இந்த ஊர்ல எத்தனை வருஷமா இருக்கீங்க?”

“ஒம்போது வருஷம்க்கா. அர்த்தம் தெரியும். ஆளத்தான் காணோம்.”

பாக்கெட்டை வாங்கி எதிர் நாற்காலிக்கு முன்னாலேயே திரும்ப வைத்தேன். என் கைப்பை உட்கார்ந்திருந்த பக்கத்து நாற்காலியைக் காலி செய்து அவருக்குக் கொடுத்தேன். கூட்டம் நெரிகிற நேரத்தில் ஒரு பைக்கு ஒரு நாற்காலி... என்னை நானே திட்டிக்கொண்டேன்.

டிஸ்யூ வைத்து இடம் பிடிப்பது நம் சிங்கப்பூரில் எழுதாத சட்டம். மீறுகிறவர் குறைவு. ஆனால் அந்தச் சட்டத்துக்குக் கெடு உண்டா? ஆள் வரவே இல்லையென்றால் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

நான் அப்படி வைப்பது அது ஐந்தாவது ஞாயிறு.

வர வேண்டியவள் சாரதா. நாங்கள் இரண்டு பேரும் பஸ் இன்டர்சேஞ்சில் டைம்கீப்பர்களாக இருந்தோம். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த டிரைவர் எவ்வளவு லேட் என்று குறிக்கிற வேலை. ஓய்வு பெற்றாயிற்று. அவள் தெம்பனிஸில், நான் குவீன்ஸ்டவுனில். இரண்டுக்கும் நடுவில் தேக்கா. ஞாயிறு பதினொன்றரைக்கு இரண்டு டம்ளர் தே, ஒரு தட்டு வடை. அவளுக்குப் புருஷன் இருக்கிறார், கல்யாணமான இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். எனக்குப் புத்தகங்கள் இருக்கின்றன.

நான் எழுதுகிற இந்தப் பத்திரிகைப் பத்திக்குப் போன வருடம் ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார் — “அம்மா, தினமும் எத்தனை பக்கம் படிப்பீங்க?” நூறு என்று இதே பத்தியில் பெருமையாக எழுதினேன். பலர் பாராட்டினீர்கள். இப்போது அந்தப் பாராட்டை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு வாரத்துக்கு முன்னால் சாரதா முகம் வீங்கி வந்தாள். அவள் புருஷன் கணேசன் ஈரச்சந்தைக்குப் போனவர் ஒரு மணி நேரமாகத் திரும்பவில்லை. எங்கே இருந்தார் தெரியுமா?

“எங்க வீட்டுக்கு நேர் மேல, ரெண்டு மாடி தள்ளி, வேற ஒருத்தர் வீட்டுக் கதவுல சாவியப் போட்டுத் திருகிட்டு நிக்கிறாரு. மீன் பையி கையில. தெறக்கலைன்னு அழுதிருக்காருடி. டாக்டர் டிமென்ஷியா ஆரம்பம்னு சொல்லிட்டாரு.”

இதைக் கேட்டதும் ஒரு மனுஷி என்ன செய்வாள்? கையைப் பிடிப்பாள். நான் என்ன செய்தேன்? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

அதில் எத்தனை வகை இருக்கிறது. எந்த வகை என்று டாக்டர் சொன்னாரா? ஸ்கேன் எடுத்தார்களா? சர்க்கரையைக் குறை. குறுக்கெழுத்துப் போடச் சொல்லு. கதவில் கலர் ஸ்டிக்கர் ஒட்டு. மூளையில் எந்த இடம் முதலில் சுருங்கும் என்பதுகூடச் சொன்னேன். எல்லாம் படித்ததுதான். சாரதா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். வடை ஆறிப்போனது.

வீடு போய்ச் சேருவதற்குள், ரயிலிலேயே, அவளுக்குப் பதினொரு லிங்க் அனுப்பினேன். மறுநாள் நூலகத்தில் இரண்டு அத்தியாயங்களை நகலெடுத்து, மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டுத் தபாலில் அனுப்பினேன். பதிலுக்குப் போனில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. எனக்குக் கோபம். இவ்வளவு செய்திருக்கிறேன், ஒரு நன்றி கிடையாதா? கேட்டு ஒரு மெசேஜ் போட்டேன், கொஞ்சம் காரமாகவே. மூன்றாவது ஞாயிறும் தாண்டிய பிறகு ஒரு குரல்பதிவு வந்தது. பின்னால் டிவி சத்தம்.

“நீ குடுத்ததெல்லாம் ஃபைல்ல போட்டு வச்சிருக்கேன் கமலா. ஒண்ணும் படிக்கல. அன்னைக்கு அழலாம்னுதான் அவ்ளோ தூரம் வந்தேன். நீ கிளாஸ் எடுத்துட்ட. சரி, வச்சிடறேன். இவரு கூப்பிடுறாரு.”

திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் சண்டை போட்டிருப்பேன். அது எனக்கு நன்றாக வரும்.

அன்று போனை அலமாரியில் வைத்தேன். மேசையில் நூலகப் புத்தகங்கள் ஒரு முழம் உயரம். போனில் சேமித்து வைத்த கட்டுரைகள், ஐந்து நிமிடத்தில் ஒரு புத்தகத்தைப் பிழிந்து தருகிற ஒலிப்பதிவுகள், காலையில் கண் விழித்தால் ஐந்து குழுவிலிருந்து ஐம்பது செய்திகள்... இத்தனையும் என் தலைக்குள் போயிருக்கிறது. இறங்கிய பயணி எத்தனை பேர்? எல்லாம் ஏறியது, ஒன்றும் இறங்கவில்லை. அப்படி ஒரு பஸ்ஸை நான் இன்டர்சேஞ்சை விட்டு வெளியே விட்டிருப்பேனா?

மறுநாளிலிருந்து மாலையில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல் மேசையில் போய் உட்கார்ந்தேன். கையில் போன் இல்லை, புத்தகம் இல்லை.

நம் ஊரில் சும்மா உட்காருவது லேசுப்பட்ட காரியமா? இரண்டாம் நாளே கீழ்த்தள முதியோர் நிலையத்தில் வேலை பார்க்கிற பெண் வந்துவிட்டாள். தமிழ்ப் பெண்தான்.

“அன்ட்டி, ஆர் யூ ஓகே?”

“ஓகே.”

“யாருக்காச்சும் வெயிட் பண்றீங்களா?”

“இல்லம்மா. சும்மா.”

“சும்மாவா?” அவள் முகத்தில் உண்மையான கவலை. “நம்மகிட்ட நிறைய கிளாஸ் இருக்கு அன்ட்டி. கொரியன் கத்துக்கலாம். மூளைக்கு நல்லது லா.”

“என் மூளைய இப்ப டிப்போவுல போட்டிருக்கேன். ரிப்பேர்.”

அவள் சிரிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொண்டு போனாள். மறுநாளும் எட்டிப் பார்த்தாள்.

முதல் சில நாள் ஒன்றும் தோன்றவில்லை. கை பைக்குள் போனைத் தேடியது. அப்புறம் தெரிந்தது, நான் ஏன் இவ்வளவு படிக்கிறேன் என்று. அறிவுப் பசி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெட்கக்கேடு. என் வீட்டில் பேச ஆள் கிடையாது. படித்துக்கொண்டிருந்தால் யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். நிறுத்தினால் ஃபேன் சத்தம் மட்டும்தான். அதைக் கேட்கப் பயந்துதான் நூறு பக்கம்.

பயந்துகொண்டே கேட்டேன். அப்போது இரண்டு விஷயம் வந்தது. இரண்டும் எனக்குத் தெரிந்தவைதான். உட்கார்ந்து நினைத்ததில்லை.

ஒன்று, என் அம்மா இறந்த அன்று. சாரதா லீவு போட்டுவிட்டு வந்து அடுக்களை ஸ்டூலில் மாலைவரை உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க அவள் பேசியது ஒரே வரி — “அரிசி டின் எங்கடி?”

இன்னொன்று கணேசன். சாரதா வேலை முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அவர் இன்டர்சேஞ்சுக்கு வருவார். கையில் இரண்டு குடை இருக்கும். ஒன்றில் அவளும் அவரும் போவார்கள். இன்னொன்றை என் கவுன்டரில் சாத்தி வைத்துவிட்டுப் போவார். பல வருடம்.

பதினொரு லிங்க் அனுப்பினேன். ஒன்றிலும் அந்த இரண்டாவது குடை இல்லை. சாரதா அழ வந்தது ஒரு நோய்க்காகவா? குடை கொண்டுவருகிற மனுஷனுக்காக.

ஒரே ஒரு மெசேஜ் போட்டேன்: “ஞாயிறு அங்க இருப்பேன்.” படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

அந்த ஞாயிறுதான் போன ஞாயிறு. பக்கத்து நாற்காலியில் பிரியாணிக்காரர் பாதி சாப்பிட்டிருப்பார். பன்னிரண்டே கால். கூட்டத்துக்குள் சாரதாவின் தலை தெரிந்தது. இளைத்திருந்தாள். வந்தாள், உட்கார்ந்தாள்.

“இவர பெரியவன் வீட்டுல விட்டுட்டு வந்தேன். ஒரு மணி நேரந்தான்.”

“சொல்லு” என்றேன்.

சந்தேகமாகப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். ராத்திரி அவர் எழுந்து சட்டை மாட்டுவது, சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்பது, மருமகளின் பொறுமை. நேற்று அவளிடமே கேட்டாராம் — “சாரதா எப்ப வருவா?”

“நீ என்ன சொன்ன?”

“வந்துடுவா, சாப்பிடுங்கன்னேன்.”

இந்த ஒரு கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று நான் மூன்று கட்டுரை படித்திருக்கிறேன். மூன்றும் நாக்கு நுனிவரை வந்தன. தே டம்ளரை எடுத்துக் குடித்தேன். அவள் கையைப் பிடிக்கவும் எனக்குப் பழக்கமில்லை. வடைத் தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

“என்னடி, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிற? லிங்க் ஏதும் இல்லையா?”

“இல்ல.”

“உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“மழ பேஞ்சா ரெண்டு குடை கொண்டு வருவாரே” என்றேன். “அத நெனச்சிட்டு இருந்தேன்.”

சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் அது வேறாக மாறிவிட்டது. பக்கத்திலிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டு பிரியாணியை மெதுவாகப் பிசைந்தார்.

இடம் பிடிக்க நான் வைத்திருந்த டிஸ்யூ பாக்கெட்டைச் சாரதா பிரித்தாள். ஒன்றை உருவி முகத்தைத் துடைத்தாள். இன்னொன்றை உருவி என்னிடம் நீட்டினாள்.

ஒரு மணிக்கு அவள் போய்விட்டாள். அடுத்த வாரம் முடியுமா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குவீன்ஸ்டவுன்வரை ரயிலில் கையைக் கட்டிக்கொண்டு, எதையும் படிக்காமல் வந்தேன். வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

புது டிஸ்யூ பாக்கெட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.