நேசமலர் நின்ற வரிசை

எங்கள் ஒழுங்கையில் நேசமலரைப் 'பொலிஸ் மலர்' என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேரேயும் சொல்வோம். சிரித்துக்கொண்டே தையல் மெஷினை மிதிப்பார். பொலிசாருக்கு உதவும் சிவில் பாதுகாப்புக் குழுவில் அவர் ஒருவர். சம்பளம் கிடையாது. கிடைத்ததெல்லாம் ஒரு செம்மஞ்சள் மேலங்கியும் எங்கள் நக்கலும்தான். முறைப்பாடு கொடுக்கப் போகிற தமிழருடன் கூடவே போய்ச் சிங்களத்தில் எடுத்துச் சொல்வார். எங்கள் சனமோ காக்கியைக் கண்டாலே மற்றப் பக்கத்தால் போய்விடும். லேசில் போகிற பயமா அது?

போன மாதம் ஒரு பின்னேரம், மேல்மாடி சுபோதினியின் தகப்பன் ஸ்ரீஸ்கந்தராசாவைக் காணவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மகளோடு வந்து இருக்கிறவர்; ஞாபகம் தப்பிப்போன மனிதர். நேசமலர் உடனே பொலிசுக்கு அறிவித்தார். பிறகு அவரும் சுபோதினியும் நானுமாக வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் ஓடினோம்.

எங்களுக்கு முன்பே இரண்டு பொலிஸ்காரர் அங்கே வந்துவிட்டார்கள். ஐயா கடல் பக்கமிருந்து ரயில் பாதையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். ரயில் வந்துவிடுமே என்ற பதற்றத்தில் சார்ஜன்ட், "நவத்தின்ன!" என்று சிங்களத்தில் கத்திவிட்டார். நில் என்றால் நிற்க வேண்டும். சண்டைக் காலத்துச் சோதனைச் சாவடிகளில் ஐயா படித்த பாடம் அது. தண்டவாளத்துக்கு நடுவே அப்படியே நின்றார். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"அப்பா, இஞ்சால வாங்கோ!" என்று சுபோதினி கதறினாள்.

"சத்தம் போடாதை பிள்ளை, செக் பண்ணுறாங்கள்."

சார்ஜன்ட் பிடிக்கப் போனார். ஐயா பின்வாங்கி அடுத்த தண்டவாளத்துக்குப் போய்விட்டார். பம்பலப்பிட்டிப் பக்கம் ரயில் கூவியது. மற்றப் பொலிஸ்காரர் கையை வீசிக்கொண்டு அதை நோக்கி ஓடினார்.

நேசமலர் போட்டிருந்த செம்மஞ்சள் மேலங்கியைக் கழற்றி என் கையில் திணித்தார். தன் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் ஏறி, ஐயாவுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றார்.

"நானும் லைன்லதான் நிக்கிறன் ஐயா. பயப்பிடாதேங்கோ."

பிறகு சார்ஜன்டிடம் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: அட்டையை வாங்கிப் பாருங்கள், பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

அந்த மனிதருக்கு விளங்கியது. பதறாமல் கிட்டப் போனார். ஐயாவின் அட்டையை வாங்கிப் பார்த்தார், நேசமலரின் அட்டையையும் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஹரி, யன்ன" என்றார். சரி, போங்கோ.

ஐயா நேசமலரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று பாதையைவிட்டு இறங்கினார். அவர்களுக்குப் பின்னால் ரயில் கடந்துபோனது. நான் அந்த மேலங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

"விட்டிட்டாங்கள் பிள்ளை," என்றார் ஐயா. "எங்கள் ரெண்டு பேரையும் விட்டிட்டாங்கள். கெதியா வீட்டை போவம்."

நேசமலரும் அப்போதுதான் அழுதார். "ஓம் ஐயா," என்றார், "விட்டிட்டாங்கள்."