றஊபின் லெப்டொப் ஆராய்ச்சி

கல்முனை பிரதான வீதியில் டைல் கடை வைத்திருக்கும் றஊபுக்கு ஒரு பொருளை வாங்குவது சின்ன விசயம். வாங்குவதற்கு முன் அதை ஆராய்வதுதான் பெரிய விசயம். நன்மை ஒரு பக்கம், தீமை மறுபக்கம் என்று போட்டு நிறுத்துப் பார்க்காமல் அவர் ஒரு குடைகூட வாங்கியதில்லை. புது மோட்டார் சைக்கிள் ஒன்றை ஆராய்ந்து முடித்து அவர் காசோடு போனபோது, அந்த வண்டி வருவதே நின்று போயிருந்தது. அவர் வீட்டுத் தரை இன்றைக்கும் மாமனார் போட்டுக் கொடுத்த சிவப்புச் சீமெந்துதான். எந்த டைல் போடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

கலியாண விசயத்தில் மட்டும் அவருடைய உம்மா அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் நல்ல பெண்சாதி வாய்த்தாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பஸ்மிலா கலியாணத்துக்கு முன் ஒரு கொம்பனியின் கணக்குப் பிரிவில் இருந்தவள். கொம்பியூட்டர் அவளுக்குச் சட்டி பானை மாதிரி. இது றஊபுக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் ஆளிடம் ஆலோசனை கேட்பது ஆராய்ச்சியில் சேராது என்பது அவர் எண்ணம்.

லெப்டொப் பேச்சு ஒரு கொந்தராத்துக்காரரால் வந்தது. பெரிய கட்டட வேலை ஒன்றுக்கு டைல் விலை கேட்டு வந்தவர், அச்சடித்த விலைத்தாள் வேண்டும் என்றார். றஊப் கையால் எழுதிக் கொடுத்தார். அந்த மனிசன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் மேல் பக்கம் என்று கேட்டார். பிறகு வரவேயில்லை. கடைக்கு ஒரு லெப்டொப்பும் சின்ன பிரிண்டரும் வாங்கும்படி பஸ்மிலா அன்றே சொன்னாள். பில் அடிக்கவும் இருப்புப் பார்க்கவும் விலை குறைந்த ஒன்றே காணும் என்பது அவள் கணக்கு. றஊப் ஓம் என்றார். கொரோனா அடங்கி வந்த காலம் அது.

அடுத்த நாளே கிசோக்கின் கடைக்குப் போனார். கிசோக் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கொம்பியூட்டர் விற்பவன், பொறுமைசாலி. அவன் ஒரு சாம்பல் நிற லெப்டொப்பை எடுத்து வைத்தான். சின்ன வியாபாரத்துக்கென்றே வந்தது, விலையும் தோது. றஊப் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு தொடங்கினார். பாரம் குறைவு, அது நன்மை. மூடி பிளாஸ்டிக், அது தீமை. பெட்டரி அரை நாள் நிற்கும், நன்மை. வெயில் வெளிச்சத்தில் திரை மங்கும், தீமை. கடையோ மேற்குப் பார்த்த கடை. இலக்கங்களை அழுத்தத் தனிக் கட்டைகள் இருந்தன, நன்மை. ஆனால் அதனால் எழுத்துக் கட்டைகள் நெருங்கிப் போயிருந்தன. தன்னுடைய விரல் பருமனுக்கு அது சரிவருமா என்று பத்து விரலையும் வைத்து அளந்தார். எழுதுவதற்கோ அவர் ஒரு விரலுக்கு மேல் பாவிக்கிறவர் அல்ல.

கடைசியில், யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழும்பினார்.

ஒவ்வொரு கிழமையும் வந்தார். கடையைப் பெண்சாதியிடம் விட்டுவிட்டு வந்து கிசோக்கின் சுழல் கதிரையில் இருந்து கேள்வி கேட்பார். வீட்டில் இருந்தால் இந்தியாக்காரப் பொடியன்மார் லெப்டொப்பைப் பெட்டியால் எடுத்துக் காட்டும் வீடியோக்களைப் பார்ப்பார். கட்டாரில் இருக்கும் மச்சினனை வேலை நேரத்தில் கூப்பிட்டு அங்கே என்ன விலை என்பார். இப்படி இருக்கும்போதுதான் நாட்டில் டொலர் ஏறியது. கிசோக்கின் கடையில் இருந்த அதே சாம்பல் லெப்டொப் இரண்டு மடங்குக்கு மேல் விலை கூடியது. மின்வெட்டும் வந்தது. நல்ல காலம் வாங்கவில்லை, கரண்ட் இல்லாத நாட்டில் லெப்டொப் என்னத்துக்கு என்று றஊப் பெருமையாகச் சொன்னார். பெட்டரி அரை நாள் நிற்கும் என்று அவரே சொன்னதை அவருக்கு நினைவூட்ட பஸ்மிலா வாய் திறந்தாள். பிறகு மெழுகுதிரி தேடப் போய்விட்டாள்.

ஆனால் இந்த ஆராய்ச்சியால் றஊபுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டாகிவிட்டது. அஸர் தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்கு வருகிறவர்கள் அவரிடம் லெப்டொப் விசாரிக்கத் தொடங்கினார்கள். கம்பஸ் போகும் மகளுக்கு எது நல்லம் என்று ஒருவர் கேட்பார். றஊப் பிளேன்டீயை ஆறவிட்டு விளக்குவார். சொந்தமாக ஒரு லெப்டொப் இல்லாத மனிசனிடம் ஊரே லெப்டொப் கேட்டதில் யாருக்கும் குறை தெரியவில்லை. றஊபுக்கு அறவே தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் பஸ்மிலாவின் தங்கச்சி பஹ்மிதா வந்தாள். சாய்ந்தமருதில் வீட்டில் இருந்தபடி அபாயா தைத்து பேஸ்புக்கில் விற்கிறவள். ஓடர் கூடிவிட்டதால் போனில் சமாளிக்க முடியவில்லை, எது வாங்கலாம் என்று மச்சானிடம் கேட்டாள். றஊப் பகல் சாப்பாட்டில் தொடங்கிப் பின்னேரம் வரை விளக்கினார். பஹ்மிதா நடுவில் போனை எடுத்து ஏதோ எழுதிவிட்டு வைத்தாள். கிசோக்குக்குத்தான் எழுதியிருக்கிறாள் என்பது அடுத்த நாள் தெரிந்தது. அதே சாம்பல் லெப்டொப்பை வாங்கி, ஓடர் அனுப்பவும் தொடங்கிவிட்டாள்.

றஊபுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மச்சினி வீட்டுக்குப் போனவர், புரியாணிக்குக் கை கழுவுமுன் லெப்டொப்பைத்தான் பார்த்தார். பெருவிரலால் மூடியை அழுத்தினார்.

"வளையுது புள்ள. நான் அப்பவே செல்லியிரிக்கன்."

"நான் அதுக்கு மேல ஏறி நிக்கப் போறல்லயே மச்சான்," என்றாள் பஹ்மிதா, ஓடர் ஒன்றைப் பார்த்தபடி.

பெருநாளைக்கு அவள் தையலுக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டாள். அந்த லெப்டொப்பின் கீல் ஒரு பக்கம் வெடித்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது றஊபின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பஸ்மிலா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஓடிப்போய்ப் பார்த்தார். பஹ்மிதா வெடித்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றி, அதே வேகத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் பஸ்மிலா ஒரு நாள் அமைதியாகச் சொன்னாள். "நீங்க வாங்காட்டி, தங்கச்சி புதுசு எடுக்கக்குள்ள அவட பழசை நான் கேட்டு எடுக்கிறன். டேப்போட எண்டாலும் பரவால்ல."

டேப் சுற்றிய லெப்டொப் தன் கடை மேசையில் இருக்கும் காட்சி றஊபைக் கிசோக்கிடம் துரத்தியது. இந்த முறை மூடி வளையாத, பிளாஸ்டிக் அல்லாத, விழுந்தாலும் உடையாத ஒன்று வேண்டும் என்றார். கிசோக் தேடி ஒன்றை எடுத்தான். வியாபாரத்துக்கென்று செய்த வகையில் விலை குறைந்தது. ஆனால் வேகம் குறைவு, திரை சின்னது, பாரம் செங்கல் மாதிரி. இராணுவத்துக்கு வைக்கும் பரீட்சையில் பாஸான உடம்பு என்று பெட்டியில் எழுதியிருந்தது. றஊப் அந்த ஒரு வரியை மூன்று தரம் வாசித்தார்.

"காக்கா, நீங்க டைல்தானே விக்கிறீங்க. சண்டைக்கா போறீங்க?" என்றான் கிசோக், அண்ணனுக்கு ஊரில் சொல்லும் காக்காவைப் போட்டு. பில் அடிக்க மற்றதே திறம் என்று பின்னும் சொல்லிப் பார்த்தான். றஊப் காசை எண்ணி வைத்துவிட்டார்.

லெப்டொப் கடைக்கு வந்தது. பில் மட்டும் பழையபடி கையாலேயே எழுதப்பட்டது. ஒவ்வொரு செட்டிங்கையும் விளங்கிக்கொள்ளாமல் வேலை தொடங்குவது சரியில்லை என்று றஊப் பஸ்மிலாவைத் தொட விடவில்லை. ஆனால் வருகிற ஆட்களுக்கெல்லாம் மூடியைத் தட்டிக் காட்டினார். ஒருவர் குளியலறைக்கு டைல் கேட்டு வந்து, லெப்டொப்பின் உலோகம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு திரும்பிப் போனார்.

இப்படி இருக்கையில் முகம்மது தம்பி வந்தார். கட்டாரில் நெடுங்காலம் இருந்து திரும்பி, மருதமுனையில் மாடி வீடு கட்டுகிறவர். மனிசியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முழு வீட்டுக்கும் டைல் எடுக்கப் போவதாகச் சொன்னார். கடைக்கு அப்படியொரு ஓடர் வந்து எவ்வளவோ காலம். பஸ்மிலா தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

றஊப் நடுக் கடையில் மாதிரிக்காக மணலில் அடுக்கியிருந்த வெள்ளை டைலைக் காட்டினார். இதற்கு மேல் லொறி ஏற்றினாலும் கீறு விழாது என்றார். முகம்மது தம்பி தலையாட்டினார். அவருடைய மனிசி குனிந்து தடவிப் பார்த்து, ஆட்கள் வந்து இருக்கிற ஹோலுக்கு இதுவே இருக்கட்டும் என்றாள். விலையும் பொருந்திவிட்டது. பில் ஒன்றுதான் பாக்கி.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் முகம்மது தம்பியின் கண் மேசையில் இருந்த லெப்டொப்பில் பட்டுவிட்டது. புதிதா என்று மரியாதைக்குக் கேட்டார். றஊபுக்கு அந்த ஒரு சொல் காணும். பாரம், பெட்டரி, கட்டைகள் என்று தொடங்கி இராணுவப் பரீட்சைக்கு வந்து சேர்ந்தார். முகம்மது தம்பி அப்படியா என்றார். அந்த அப்படியாவில் நம்பிக்கை குறைந்திருந்ததாக றஊபுக்குப் பட்டது. மேசையைச் சுற்றி முன்னால் வந்தார். லெப்டொப்பை மூடி நெஞ்சளவுக்கு உயர்த்தினார். பஸ்மிலா தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்க, வேணாம்," என்றாள்.

றஊப் கையை விட்டார்.

லெப்டொப் ஒரு மூலையால் இறங்கியது. சத்தம் பெரிதாக இல்லை. றஊப் குனிந்து தூக்கி, திறந்து, பொத்தானை அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பரீட்சையில் முதலாம் இடம் வந்த பிள்ளையின் வாப்பா மாதிரி அவர் நிமிர்ந்து பார்த்தபோது, மற்ற மூன்று பேரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளை டைல் நடுவால் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"இதத்தானா நம்மட ஹோலுக்குப் போடப் போறம்?" என்று முகம்மது தம்பியின் மனிசி மெதுவாகக் கேட்டாள்.

அடியில் சீமெந்து இல்லாததுதான் காரணம், சீமெந்து போட்டுப் பதித்தால் பாறை மாதிரி இருக்கும் என்று றஊப் சொன்னார். உண்மையும் அதுதான். ஆனால் லொறிக் கதை சொன்ன வாயால் அதைச் சொன்னபோது அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை. முகம்மது தம்பி நல்ல மனிசன், சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, லெப்டொப் எங்கே வாங்கினது என்று கேட்டுக்கொண்டு எழும்பினார். அன்று பின்னேரமே கிசோக்கிடம் அதே லெப்டொப்பில் ஒன்று வாங்கினார். ஹோலுக்கான டைலை வேறு கடையில் எடுத்தார்.

றஊப் அன்றைக்குப் பகல் லுஹர் தொழப் பள்ளிக்குப் போனவர் அஸர் வரைக்கும் திரும்பவில்லை. வந்தபோது பஸ்மிலா லெப்டொப்புக்கு முன்னால் இருந்தாள். அவர் அவளை எழுப்பாமல் உடைந்த டைலை அள்ளப் போனார். தடிப்பான வேறு ரக டைல்களின் படமும் விலையும் போட்டு, முகம்மது தம்பிக்கு ஒரு விலைத்தாள் அடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினாள். லொறி, இராணுவம் ஒன்றும் அதில் இல்லை. மூன்று குளியலறைக்கு மட்டும் ஓடர் வந்தது. ஹோல் போனது போனதுதான். அதற்குப் பிறகு கடையில் விலைத்தாள் அடிப்பவள் பஸ்மிலா. லெப்டொப் மெதுவாகத்தான் வேலை செய்கிறது, கிசோக் சொன்ன மற்றதே திறம் என்று அவளும் சொல்கிறாள். றஊபுக்குக் கேட்கும்படியாகவே சொல்கிறாள்.

கதை ஊரில் பரவாமல் இருக்குமா? தேத்தண்ணிக் கடையில் கேட்டார்கள், பள்ளி வாசலில் கேட்டார்கள். பஹ்மிதா போனில் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாளாம். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட றஊபுக்கு, கிசோக்கின் கண்ணாடி அலுமாரியில் ஒரு மட்டை ஒட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டதும் இரத்தம் கொதித்தது. "டைல் கடை றஊப் காக்கா விழுத்திப் பரீட்சித்த லெப்டொப், இங்கே கிடைக்கும்" என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறதாம். நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று பஸ்மிலாவிடம் சொல்லிப் புறப்பட்டார்.

கிசோக்கின் கடை வாசலில் நின்று மட்டையை வாசித்தார். பெயரைப் பெரிய றகரம் போட்டுப் பிழையில்லாமல் எழுதியிருந்தான். உள்ளே மூன்று பேர் நின்று அதே லெப்டொப்பை விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் திரும்பி, நீங்கதானா அந்த றஊப் காக்கா என்று கேட்டு, கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மட்டையை எடுக்கச் சொன்னீர்களா என்று பஸ்மிலா கேட்டாள்.

"இருந்தாலும் தீமை ஒண்டும் இல்ல புள்ள," என்றார் றஊப்.

மட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது.